பட்டில் இறங்கிய எண்ணெய்

சாப்பிட உட்காரும்போது கத்தோலிக்கர்கள் எல்லோரும் சொல்லும் ஜெபத்தைத்தான் கிரிகரியும் சொல்வார். ஆனால் கடைசியில், சிலுவை போட்டுக்கொள்வதற்கு முன்னால், ஒரு வரி அவருடைய சொந்தச் சரக்கு. "ஆண்டவரே, சனங்க சாப்பிடறப்ப மேல சிந்திக்கிட்டே இருக்கணும். ஆமென்." கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு டோரிஸ் முகம் சுளித்தார். கொஞ்ச நாள் கழித்துச் சிரித்தார். அப்புறம் அவரும் சேர்ந்து ஆமென் சொல்லப் பழகிவிட்டார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டோபி கடை வைத்திருக்கும் மனிதர் வேறு எப்படித்தான் ஜெபிப்பார்? கடைக்கு இந்தப் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், அந்தப் பக்கம் மசாஜ் நிலையங்கள், எதிர்வரிசையில் பட்டுச்சேலைக் கடைகள், தெருமுனையில் விளக்கு எரியும் கோயில். எல்லா இடத்திலும் எண்ணெய். எல்லா எண்ணெயும் கடைசியில் யாருடைய துணியிலாவது போய்ச் சேரும், துணி கிரிகரியிடம் வந்து சேரும். அவர் ரயில்வே குடும்பம். அப்பா செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் யாருக்கும் கிரீஸ் படாத சட்டை என்று ஒன்று இருந்ததே கிடையாது. "எங்க குடும்பத்துக்கு அப்ப இருந்தே எண்ணெய்தான் சோறு போடுது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. மகளைப் படிக்கவைத்தது, கிள்ளானில் வீடு வாங்கியது, மகனைப் பாதிரியாராகக் குருமடத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தது, எல்லாம் அடுத்தவர் சட்டையில் சிந்திய குழம்பால்தான் என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

தொழிலில் ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பருத்தியில் எண்ணெய் பட்டால் அவருக்கு அது வேலையே இல்லை. பருத்தி வெந்நீர் தாங்கும், சோப்பு தாங்கும், தேய்ப்பும் தாங்கும். குழம்புக் கறை என்றால் முதலில் எண்ணெயை இறக்கிவிட்டு, மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடுவார். மசாஜ் நிலையத்துத் துண்டுகள்தான் பொல்லாதவை. எண்ணெய் நூலுக்குள் போய்க் குடியேறிவிடும். அவற்றை இரண்டு முறை கொதிநீரில் அலசி, டிரையரிலிருந்து எடுத்ததும் விரித்து ஆறப்போட வேண்டும். சூட்டோடு மடித்து அடுக்கினால் உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் தானாகவே சூடேறிப் புகையக்கூடும். அதனால் அவர் கடையில் சூடான துண்டை மடிக்க யாருக்கும் அனுமதி இல்லை.

பட்டின் கதை வேறு. அதில் தண்ணீரே காட்டக் கூடாது. கறைமேல் முகப்பவுடரைத் தூவி, மேலே மெல்லிய காகிதம் வைத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். "எண்ணெய்க்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது லா. பக்கத்துல எது காஞ்சு கிடக்குதோ அதுல ஏறிக்கும். நாம அதுக்கு இன்னொரு இடத்தக் காட்டணும், அவ்ளோதான்" என்பார். மனசு சரியில்லாத நாளில் பட்டைத் தொடவே மாட்டார். கை அவசரப்படும், பட்டு மன்னிக்காது என்பது அவர் கணக்கு.

இவ்வளவுக்கும் மேல் அவருக்கு ஒரு வீம்பு இருந்தது. எந்தத் துணியைக் கொண்டுவந்து போட்டாலும் "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வராது. பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் தாவூத் பாய் ஒரு முறை நோன்புப் பெருநாளுக்குத் தைத்த வெள்ளை ஜுப்பாவில் ஆட்டிறைச்சிக் குழம்பைக் கொட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்து நின்றார். "பாக்கறேன், பாய்" என்றார் கிரிகரி. மறுநாள் ஜுப்பா புதுசு மாதிரி திரும்பிப் போனது. அன்றிலிருந்து கிரிகரி நாசி கண்டார் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தாவூத் பாய் ஒரு கிளாஸ் தே தாரே டீயாவது குடிக்கவைக்காமல் விட்டதில்லை.

மகன் கேவினுக்குக் குருப்பட்டம் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்குப் பூசையில் ஆயர் அவன் இரண்டு உள்ளங்கையிலும் கிறிஸ்மா எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து, ஆயர் மந்திரித்த எண்ணெய் அது. பிறகு ஒரு நீளமான வெள்ளை லினன் துணியால் அவன் கைகளைச் சுற்றினார்கள். அந்தத் துணியைப் புதுக் குரு தன் தாயிடம் கொடுப்பது வழக்கம். தாய் இறந்தால், அதை அவள் கையில் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்தவள் என்று அங்கே போய்க் காட்டுவதற்கு. தகப்பனுக்கும் ஒன்று உண்டு. குரு முதல்முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் அணிந்த ஊதாத் துணிப்பட்டை, ஸ்டோல், தகப்பனுக்கு. கிரிகரி அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வரவேற்பறையில் டிவிக்கு மேலே மாட்டிவைத்தார். ஸ்டோலுக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்று மடித்து விரித்திருந்தது. டோரிஸுக்குக் கேவின் கொடுத்த துணி அதுதான் என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை. ஆண்கள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடம் டோரிஸின் இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்றார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். மகள் ஜெரால்டின் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு தங்கினாள். கிள்ளான் வீட்டில் கிரிகரி தனியாக இருந்தார். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் டோரிஸ். வீட்டில் எந்நேரமும் ஒரு பாட்டோ ஒரு அதட்டலோ கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான் கேட்டது.

பயம் வந்தால் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயிலுக்குப் போவார்கள். கிரிகரி துவைப்பார். ஜன்னல் சீலைகளைக் கழற்றினார், தலையணை உறைகளை உருவினார். அதுவும் போதாமல், டோரிஸின் பட்டுகளைக் காற்றாட வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தார். அடியில், குருப்பட்டத்தன்று டோரிஸ் கட்டிய சந்தன நிறப் பட்டு இருந்தது. தூக்கும்போதே மடிப்புக்குள்ளிருந்து நீளமாக ஒரு துணி சரிந்து விழுந்தது. பழுப்பேறி, எண்ணெய் ஊறி, பழைய எண்ணெய்க்கே உரிய சிக்கு வாடையோடு.

அவருக்குச் சுர்ரென்று வந்தது. டோரிஸுக்கு மூட்டுவலி. பழைய துணியைத் தைலத்தில் நனைத்து முழங்காலில் கட்டிக்கொண்டு, அப்புறம் அதைக் கண்ட இடத்தில் போடுவார். சோபாவில் போட்டிருக்கிறார், பைபிள் மேல் போட்டிருக்கிறார். இப்போது பட்டுக்குள்ளேயே சொருகி வைத்திருக்கிறார்! சேலையைப் பார்த்தால் அதிலும் எண்ணெய் இறங்கியிருந்தது. "டோபி பொண்டாட்டி செய்யற வேலையா இது?" என்று ஆளில்லாத அறையைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்வதுகூட அன்றைக்கு அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. டோரிஸ் பக்கத்தில் இருப்பது போல.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிக் கடைக்கு வந்தார். துணிதான் முதலில். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், சோடா. பழைய எண்ணெய் பிடிவாதம் பிடித்தது, இவரும் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் தண்ணீர் தெளிவாக ஓடியது. லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுப் பார்த்தால், பால் மாதிரி வெளுத்து மொடமொடவென்று நின்றது. சமீபத்தில் அவ்வளவு திருப்தியாக ஒரு துணியை அவர் வெளுத்ததில்லை. பட்டை மட்டும் தொடவில்லை. மனசு சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று மேல்தட்டில் வைத்துவிட்டார்.

மத்தியானம் ஜெரால்டின் போன் செய்தாள்.

"டாடி, ஆப்பரேஷன் நாளைக்குக் காலையில கன்ஃபர்ம். அம்மா ஒண்ணு கேக்கறாங்க. கேவின் கையில கட்டுன துணி இருக்குல்ல, அத எடுத்துட்டு வரச் சொல்றாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி கையில வெச்சுக்கணுமாம்."

"ஸ்டோலுக்கு அடியில இருக்கே, அதானே? எடுத்துட்டு வரேன்."

"அது இல்ல டாடி, அது சும்மா வெச்ச துணி. இது அலமாரியில, அந்தச் சந்தனக் கலர் பட்டுக்குள்ள இருக்காம். மடிப்புக்குள்ள பத்திரமா வெச்சிருக்காங்களாம்."

கிரிகரி "சரிமா" என்று மட்டும் சொல்லி வைத்தார். எதிரே மேஜைமேல் அந்தத் துணி பளிச்சென்று கிடந்தது. ஆயர் ஊற்றிய எண்ணெய், மகனின் கையிலிருந்து தாயின் கைக்கு வந்தது, அவளோடு கல்லறைவரை போயிருக்க வேண்டியது. அதைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பிரிக்பீல்ட்ஸ் சாக்கடைக்கு அனுப்பிவிட்டார். யாரோ தெரியாதவன் செய்திருந்தாலாவது மன்னிக்கலாம். எண்ணெயால் பிழைத்தவன் செய்திருக்கிறான். நாளைக்கு டோரிஸ் உள்ளே போகும்போது கையில் எதைப் பிடித்துக்கொள்வாள்? திரும்பி வராவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு போவாள்? இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தாவூத் பாய் கடைக்குப் போனார். பாய் கல்லாவுக்கு அடியில் ஒலிவ எண்ணெய் பாட்டில் வைத்திருப்பார், தினமும் ஒரு கரண்டி குடிப்பார்.

"பாய், அந்த எண்ணெய் கொஞ்சம் வேணும்."

"பாட்டிலோட எடுத்துக்குங்க அண்ணே. அக்காவுக்கா?"

கிரிகரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொன்னார். தாவூத் பாய் கேட்டுவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஊத்தினா தெரியாதுதான் அண்ணே. எண்ணெயும் அதே எண்ணெய், துணியும் அதே துணி. ஆனா அக்கா அதப் புடிச்சிக்கிட்டு உங்களப் பாப்பாங்களே, அப்ப எங்க பாப்பீங்க?" என்றார். பிறகு, மனசு கேட்காமல், பாட்டிலை இவர் கையில் திணித்தார். "எதுக்கும் வெச்சுக்குங்க. நான் துஆ செய்யறேன். அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது."

கடைக்குத் திரும்பித் துணியை விரித்து, பாட்டிலைத் திறந்து, மேலே சாய்த்தும் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தால் போதும், துணி குடித்துக்கொள்ளும். எது ஆயர் ஊற்றியது, எது பாய் கொடுத்தது என்று எந்த நூலுக்கும் தெரியாது. ஆனால் போகாத கறையைப் போய்விட்டது என்று எந்த வாடிக்கையாளரிடமும் அவர் சொன்னதில்லை. இல்லாத கறையை இருக்கிறது என்று பொண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? பாட்டிலை மூடிவிட்டார்.

சேலையையாவது கொண்டுபோகலாம் என்று மேல்தட்டிலிருந்து எடுத்து, நீள மேஜையில் மடிப்புப் பிரித்து விரித்தார். குழல்விளக்கு வெளிச்சத்தில் கறை முழுசாகத் தெரிந்தது. காலையில் கோபத்தில் அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. முந்தானைக்குப் பக்கத்தில், நீளமாக, இரண்டு ஓரமும் நேராக, ஒரு கையகலத் துணியின் வடிவம் அப்படியே பட்டில் இறங்கியிருந்தது. அடுத்த மடிப்பில் கொஞ்சம் மங்கலாக, அதற்கடுத்ததில் இன்னும் மங்கலாக. குனிந்து முகர்ந்தார். சிக்கு வாடைக்குப் பின்னால், மெல்லிசாக, குருப்பட்டத்தன்று கோயில் முழுக்க அடித்த அந்த வாசனை.

அவர் வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் சொன்னதுதான். எண்ணெய்க்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது.

"நன்றி ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னார். பட்டைத் தொடவிடாமல் தன் கையைக் காலையில் பிடித்துவைத்ததற்காக இன்னொரு முறை சொன்னார். கறையைப் பார்த்து நன்றி சொல்வது அவருக்குப் புதிதல்ல. ஆனால் எடுக்காத கறைக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது கேவினும் இருந்தான். செராஸில் அவன் பங்குக்கோயில். பூசையை முடித்துவிட்டு ஓடிவந்து, அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்திருந்தான். டோரிஸின் நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. கிரிகரியின் கை பழக்கதோஷத்தில் கைக்குட்டைக்குப் போய், பாதியில் நின்றது. இன்றைக்கு இனிமேல் எதையும் துடைப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

துணியையும் சேலையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மூட்டுவலித் துணி என்று நினைத்ததையும் சொன்னார், ஒலிவ எண்ணெய் பாட்டிலையும் சொன்னார். டோரிஸ் அந்த வெள்ளைத் துணியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஜெரால்டின் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"இவ்ளோ வெள்ளையாவா துவைப்பாங்க?" என்றார் டோரிஸ்.

"என்ன மன்னிச்சிரு, டோரிஸ்."

கிரிகரி சேலையை விரித்துக் காட்டினார். டோரிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த நீளமான கறையின்மேல் விரலை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓட்டினார். முகர்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கேவின் பதறி எழுந்தான். டோரிஸ் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு.

"உங்கப்பா கண்ணுல பட்ட எண்ணெய் எதுவுமே தப்பிச்சதில்லடா கேவின். இது தப்பிச்சிருச்சு பாரு."

"அம்மா, ஆண்டவருக்கு டாடியத் தெரியும். அதான் ஸ்பேர் வெச்சிருக்காரு" என்றான் கேவின்.

டோரிஸ் சேலையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "எனக்கு எப்ப நேரம் வருதோ, அப்ப இதத்தான் கட்டிவிடணும். கையில இருந்தா என்ன, மேல இருந்தா என்ன? இப்ப இல்ல லா, மூஞ்ச அப்படி வெச்சுக்காதீங்க." பிறகு கணவரின் கையைப் பிடித்தார். எத்தனையோ வருடங்களாகச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி, ரேகை மழுங்கிப்போன கை. "இந்தக் கை வேலை செஞ்சதாலதான் அந்தக் கைக்கு எண்ணெய் பூசினாங்க. நான் உங்கமேல கோபிச்சுக்குவேனா?"

கிரிகரி இன்னொரு கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார்.

மறுநாள் காலை, தியேட்டர் கதவுவரை அந்தப் பட்டைப் பிடித்துக்கொள்ளத் தாதி அனுமதித்தார். கதவு மூடியபின் சேலை ஜெரால்டின் மடிக்கு வந்தது. வெள்ளைத் துணி கிரிகரியின் கையில் இருந்தது. உள்ளே மருத்துவர்கள் வேலை செய்த நேரம் முழுக்க அதை முறுக்கினார், பிரித்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி முறுக்கினார். டாக்டர் வெளியே வந்து "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது அங்கிள்" என்று சொன்னபோது, அது வேர்வையும் கண்ணீரும் ஊறிக் கசங்கிக் கிடந்தது. அதை அவர் துவைக்கவில்லை. அப்படியே மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் ஸ்டோலுக்கு அடியில் வைத்தார்.

டோரிஸ் நடமாடத் தொடங்கியதும் கிள்ளான் கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். கேவின்தான் பூசை செய்தான். தாவூத் பாய் தன் கையாலேயே பிரியாணி ஆக்கி வேனில் ஏற்றிவந்து, வாசலில் நின்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். கிரிகரி அவரைக் கட்டிப்பிடித்தார். பாயின் சட்டையில் நெய் இருந்தது, கிரிகரியின் சட்டைக்கும் வந்தது; இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

டோரிஸ் சந்தன நிறப் பட்டில் வந்திருந்தார். முந்தானையை முன்னால் எடுத்துவிட்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் கறை ஊருக்கே தெரிந்தது. சாப்பிடும் இடத்தில் சந்தனமேரி ஆன்டியின் கண்ணுக்கு அது தப்புமா? கோயிலுக்கு வருகிறவர்களில் யார் சட்டையில் பொத்தான் இல்லை என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறவர்.

"ஐயையோ டோரிஸ், நல்ல பட்டுல இவ்ளோ பெரிய எண்ணெய்க் கறை! வீட்லயே டோபிய வெச்சுக்கிட்டு இப்படியா கட்டிக்கிட்டு வருவ? கிரிகரி, ஒரு நாள் கடைக்குக் கொண்டுபோய் இத எடுத்துக் குடுக்கக் கூடாதா?"

பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். கிரிகரி பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார். டோரிஸைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துட்டேன் அக்கா," என்றார். "இது மட்டும் என்னால முடியாது."